டாஃபடிலுக்குத் தனி ஜாடி

அன்புள்ள கயல்,

போட்டோ பார்த்தேன். மார்ச் 1, வேல்ஸ்காரர்களின் புனிதர் டேவிட்டின் திருநாளுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த மஞ்சள் டாஃபடில் பூவையும் நீ வாங்கிய சிவப்பு டியூலிப்பையும் ஒரே ஜாடியில் போட்டு, தண்டு முழுக்க முங்கத் தண்ணீர் ஊற்றி, ஹீட்டருக்கு மேலே ஜன்னல் திட்டில் வைத்திருக்கிறாய். பக்கத்திலேயே வாழைப்பழத் தட்டு வேறு. "பழைய பூ போலம்மா, ரெண்டே நாள்ல தொங்கிடுச்சு" என்கிறாய். பூ பழசில்லை கண்ணு. டியூலிப்பின் இலை மஞ்சளடித்திருக்கிறதே, அதைக் கவனித்தாயா? அது டாஃபடிலின் வேலை.

டாஃபடிலை வெட்டினால் தண்டிலிருந்து ஒரு சாறு வடியும். கற்றாழையைச் சீவினால் வருமே, அதே மாதிரி கொழகொழவென்று. அதில் இருக்கிற சர்க்கரையைத் தின்று தண்ணீரில் பாக்டீரியா பெருகும். ரோஜா பக்கத்தில் இருந்தால் அதன் தண்டு அடைத்துக்கொள்ளும். டியூலிப்புக்கு அந்தச் சாற்றில் உள்ள ஆல்கலாய்டு என்கிற நச்சுப்பொருள்தான் ஆகாது. வேடிக்கை என்னவென்றால், ஐரிஸ் பூவை அதே சாறு கூடுதலாகச் சில நாள் வாட விடாமல் வைக்கும். நீ மருந்து படித்தவள், காலன்டமைன் உனக்குத் தெரியாததா? மறதி நோய்க்குக் கொடுக்கிற அந்த மருந்தை எடுப்பதற்காகவே உங்கள் வேல்ஸில், போவிஸ் மலைப்பக்கம், டாஃபடில் பயிரிடுகிறார்கள். இவ்வளவு சரக்கு உள்ள பூவை மற்றப் பூவோடு சேர்த்து வைத்தால் சும்மா இருக்குமா?

சரி, இப்போது என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். முதலில் டியூலிப்பை எடுத்துக் கழுவி வேறு ஜாடியில் போடு. அப்புறம் டாஃபடிலை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார். இதழ் ஓரம் காகிதம் மாதிரி காய்ந்து பழுப்பாகியிருந்தால் அதோடு மல்லுக்கட்டாதே, குப்பையில் போடு. கழுத்து மட்டும் சாய்ந்து, இதழ் தொட்டால் இன்னும் மெத்தென்று இருந்தால் அது தேறும். கட்டியிருக்கிற ரப்பர் பேண்டை எடுத்துவிட்டு, அடித்தண்டில் ஒரு விரற்கடை சாய்வாக வெட்டு. தண்டின் அடி வெள்ளையாக இருந்தால் அந்த வெள்ளை போகிறவரை வெட்டு, அது தண்ணீர் சரியாக இழுக்காது. நல்ல கூரான கத்தி வேண்டும். உன் சமையலறைக் கத்தரிக்கோலை நான் பார்த்திருக்கிறேன், அது வேண்டாம். தண்டு உள்ளே வெற்றுக் குழாய், நசுங்கிவிடும். கையுறை போட்டுக்கொள். பூக்கடையில் நாங்கள் கட்டுக் கட்டாகப் பிரிக்கும்போது கையுறை இல்லாவிட்டால் விரலிடுக்கெல்லாம் அரிக்கும். இங்கிலாந்தின் கார்ன்வால் பக்கம் வயலில் இந்தப் பூப்பறிக்கிறவர்களுக்கு இந்தச் சொறி சர்வ சாதாரணம்.

வெட்டியதும் பூக்களைச் சேர்த்து, தலை நிமிர்ந்து நிற்கிற மாதிரி செய்தித்தாளில் சற்று இறுக்கமாகச் சுற்றி, குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தி, ஹீட்டர் இல்லாத இடத்தில் ராத்திரி முழுக்க விட்டுவிடு. உன் பாத்ரூமே போதும், அங்கே எப்போதும் நடுக்கம்தான். சாறு வடிகிறதெல்லாம் அந்தத் தண்ணீரிலேயே வடிந்து முடியட்டும். காலையில் தண்ணீரைக் கொட்டிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவிய ஜாடியில் வை. மறுபடி தண்டை வெட்டாதே. வெட்டினால் சாறு புதிதாக வரும், பழைய கதைதான். டியூலிப்போடு சேர்த்துத்தான் வைப்பேன் என்று அடம்பிடித்தால், இப்படி ஒரு ராத்திரி தனியாக நின்ற பிறகு வை.

தண்ணீர் நாலு விரல் உயரம் போதும். நம் வீட்டில் மல்லிகையை ஈரத்துணியில் சுற்றி, அடிக்கடி தண்ணீர் தெளித்துப் பழகிய கை, எந்தப் பூவைப் பார்த்தாலும் தாராளமாக ஊற்றத்தான் வரும். டாஃபடில் தண்டு மென்மையானது, ஆழத் தண்ணீரில் அழுகும். ஆனால் நன்றாகக் குடிக்கிற பூ, அதனால் தினம் ஒரு முறை எட்டிப் பார். பழத்தட்டைத் தள்ளி வை, பழுக்கிற பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் முதிரவைக்கும். தண்ணீரில் ஆஸ்பிரின் போடு, காசு போடு என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு விட்டுவிடு.

அடுத்த முறை வாங்கும்போது மலர்ந்ததை எடுக்காதே. மொட்டு தலை குனிந்து, மேலே மஞ்சள் லேசாகத் தெரிகிறதே, அந்தப் பருவம்தான் சரி. குளிர்ச்சியான அறையில் கிட்டத்தட்ட ஒரு வாரம் நிற்கும். ஹீட்டர் மேல் வைத்தால் உன் ரெண்டு நாள்தான்.

ராத்திரி ஃப்ரிட்ஜில் வைப்பதாக இருந்தால் காய்கறித் தட்டில் மட்டும் வேண்டாம். மொட்டோடு இருக்கும் தண்டு பார்வைக்கு வெங்காயத்தாள் மாதிரியே இருக்கும், தின்றால் வாந்தி வயிற்றுவலி. 2015-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, டாஃபடிலைக் காய்கறிப் பக்கம் வைக்காதீர்கள் என்று சூப்பர்மார்க்கெட்டுகளுக்கே எழுதியது. உன்னோடு தங்கியிருக்கிற பெண் ராத்திரி ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் சமைக்கிறவள் என்று நீதானே சொன்னாய்.

அவளுடைய பூனையையும் பார்த்துக்கொள். அது டம்ளர், வாளி என்று எதிலும் வாயை வைக்கும். டாஃபடில் நின்ற தண்ணீரும் பூனைக்கு விஷம். ஜாடியை அலமாரிக்கு மேலே ஏற்று. நீ உயரம்தானே, உனக்கு எட்டும்.

அம்மா