ஆப்பிள்டன் கலைக்களஞ்சியத்தின் மின்படிகளைப் பேணும் நூலகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நூலகர்களுக்கும் மின்னூலகப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

1887 முதல் 1889 வரை நியூயார்க்கில் ஆறு தொகுதிகளாக வெளிவந்த ஆப்பிள்டன் அமெரிக்க வாழ்க்கை வரலாற்றுக் கலைக்களஞ்சியத்தைப் பக்கம் பக்கமாக ஒளிவருடி, எவரும் காசின்றிப் படிக்க வழிசெய்திருக்கிறீர்கள். அதற்கு என் போன்றோர் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அத்தொகுதிகளில் ஒருபோதும் பிறந்தே இராதவர்களின் வாழ்க்கைக் குறிப்புகள் 200-க்கும் மேல் கலந்திருக்கின்றன என்பதை, நான் பார்த்த நூற்பட்டியல் பதிவுகளில் ஒன்றுகூடச் சொல்லவில்லை.

நிக்கோலா ஆன்ரியோன் என்ற பிரெஞ்சு அறிவியலாளரைப் பற்றிய குறிப்பைப் பாருங்கள். அவர் 1783-இல் தென்னமெரிக்கா வந்தபோது பெருவின் கயாவோ துறைமுகத்தை ஆசியக் காலரா சூறையாடிக்கொண்டிருந்ததாம். துறைமுகம் உண்மை, நோயும் உண்மை. ஆனால் அந்த நோய் அக்கண்டத்தை எட்டியதே அடுத்த நூற்றாண்டில்தான். ஆளோ கற்பனை. புனைந்தவரின் கைத்திறனை மெச்சத்தான் வேண்டும்: எளிதில் சரிபார்க்க முடியாத தொலைதூர ஊர்களுக்கே தம் மாந்தரை அனுப்பி, அவர்கள் எழுதியதாகப் பல நூல்களின் பெயரையும் அடுக்கிவிடுகிறார். எழுதிய இடத்தின் அளவைக் கணக்கிட்டுக் கூலி கொடுத்த பதிப்பகத்தில், இல்லாத மனிதர்களும் நல்ல வருமானம் தந்திருப்பார்கள்.

அந்த நூற்பெயர்களே புனைவைக் காட்டிக்கொடுத்தன. நியூயார்க் தாவரவியல் பூங்காவின் நூல்விவர அறிஞர் ஜான் ஹெண்ட்லி பார்ன்ஹார்ட், தாவரவியலாளர்களாகச் சொல்லப்பட்ட 14 பேர் கற்பனை மாந்தர் என்று 1919-இல் எழுதினார். 1937-இல் மார்கரெட் காசில் ஷிண்ட்லர் ‘எச்’ எழுத்தில் தொடங்கும் பெயர்களை ஆராய்ந்து மேலும் பலரைக் கண்டுபிடித்தார்.

இது பழங்கதையன்று. கட்டுரைதோறும் எழுதியவர் பெயரும் ஆதாரங்களும் தாங்கி 1928 முதல் 1936 வரை 20 தொகுதிகளாக வந்த அமெரிக்க வாழ்க்கை வரலாற்று அகராதியும், 1999-இல் 24 தொகுதிகளாக வெளியான அமெரிக்கத் தேசிய வாழ்க்கை வரலாறும் பெரும்பாலும் பணம் கட்டுவோர்க்கோ பெரிய நூலகத்தில் உறுப்பினராக இருப்போர்க்கோதான் கிட்டுகின்றன. காப்புரிமை கடந்த ஆப்பிள்டனோ முதல் தேடலிலேயே கைக்கு வந்துவிடுகிறது. தமிழில் கட்டுரை எழுதும் ஒரு மாணவர் எதை எடுப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பக்கங்களை நீக்கும்படி நான் கேட்கவில்லை. அந்தப் பொய்களும் 19-ஆம் நூற்றாண்டுப் பதிப்புத் தொழிலின் ஆவணங்களே. ஒவ்வொரு தொகுதியின் பட்டியல் பதிவிலும் எச்சரிக்கைக் குறிப்பு ஒன்றைச் சேருங்கள். புனைவு என்று உறுதியான பெயர்கள் தேடலில் வரும்போது, அவற்றின் பக்கத்திலேயே அச்செய்தியும் தெரியட்டும். குறியிடப்படாத பிற பெயர்களெல்லாம் சரிபார்க்கப்பட்டவை என்ற எண்ணம் வாசகருக்கு வராதபடி, எந்தெந்தப் பகுதிகள் இதுவரை ஆராயப்பட்டுள்ளன என்பதையும் அக்குறிப்பிலேயே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மின்படிகளை நம்பி எழுதும் ஒரு தமிழ் வாசகர்