கூண்டு ஏற்றினால் பதறாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நேற்று ராத்திரி மூன்று தடவை போன் செய்தாய். நாகையில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்று சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு நீ தூங்காமல் கிடக்கிறாய். உன் குரலைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. போனில் பேசினால் பாதியை விழுங்கிவிடுவேன். அதனால் எழுதி, தங்கச்சியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்றாம் எண் என்றால் தூரக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கிறது, அவ்வளவுதான். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே அது வருஷா வருஷம் ஏறி இறங்கும். எட்டிலிருந்து பத்து வரைதான் பெரிய ஆபத்து. அதற்கு மேலே பதினொன்றும் உண்டு. வானிலை நிலையத்தோடு தொடர்பே அறுந்துபோயிற்று என்று அதற்கு அர்த்தம். 2018-இல் நம் வீட்டுக்கும் உனக்கும் நடுவே அந்தப் பதினொன்றுதான் ஏறியது. ஆறு நாள் எங்கள் சத்தமே உனக்கு வரவில்லை. அந்த ஆறு நாள் நீ என்ன பட்டாய் என்று நீயும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அந்தக் கஜா புயல் வரப்போகிறது என்று எங்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாகச் சொன்னார்கள். எண்பதாயிரம் பேருக்கு மேல் முன்கூட்டியே முகாம்களுக்குப் போனார்கள். 1977 புயலின்போது எனக்குப் பத்து வயசு, வீட்டில் ரேடியோ கூடக் கிடையாது. அதோடு பார்த்தால் இது எவ்வளவோ மேல். ஆனால் நான் அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும்தான் தயாராக இருந்தேன். அதற்குப் பிறகு வந்த நாட்களை நினைக்கவே இல்லை.

நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி, நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. நாங்கள் எதிர்வீட்டு மெத்தை வீட்டில் இருந்தோம். முதலில் வாடைக்காற்று. நம் வீட்டு ஓடு பறக்கிற சத்தம் எண்ணிவிடலாம் போலக் கேட்டது. பிறகு திடீரென்று அடங்கிவிட்டது. போய்விட்டது என்று நினைத்து மாட்டைப் பார்க்க வெளியே இறங்கினேன். அந்த வீட்டு ஆத்தா என் கையைப் பிடித்து இழுத்து, "இது புயலோட கண்ணு, இன்னும் பாதி இருக்கு, உள்ள வா" என்று கத்தினார். 1952 புயலைப் பார்த்தவர். சொல்லி வாய் மூடுவதற்குள் தெற்கிலிருந்து அடித்தது பார், வாடைக்குச் சாய்ந்து நின்ற தென்னையெல்லாம் அந்த எதிர்க்காற்றில்தான் விழுந்தன. காற்று அடங்கினால் யாரும் வாசல்படி தாண்டக் கூடாது என்பதை உன் பிள்ளைகளுக்கும் சொல்லிவை.

மாட்டைக் கொட்டகையில் கட்டிப்போட்டு வந்தது என் தப்பு. கயிற்றை அவிழ்த்து விட்டிருந்தால் அது பிழைத்திருக்கும். அம்மா இன்னும் அந்தக் கயிற்றைத் தூக்கிப் போடவில்லை. இப்போது எட்டாம் எண் வந்தாலே முதல் வேலை மாட்டை அவிழ்ப்பதுதான்.

விடிந்ததும் வேறு கஷ்டம். கொள்ளிடத்துத் தண்ணீர்தானே நமக்குக் குழாயில் வருவது? கரண்ட் இல்லாமல் அது நின்றது. மாவட்டம் மாவட்டமாக லட்சத்துக்கு மேல் கம்பங்கள் விழுந்து கிடக்கும்போது நம் தெருவுக்கு எப்போது வருவார்கள்? வெளியூரிலிருந்து ஜெனரேட்டர் கொண்டுவந்து தொட்டியில் ஏற்றிய பிறகுதான் நல்ல தண்ணீர் பார்த்தோம். கையில் காசில்லை, இருந்த காசு பாங்கில். உங்கம்மாவின் பிரஷர் மாத்திரை மூன்றாம் நாளே தீர்ந்தது.

அதனால் புரட்டாசியிலேயே வேலையைத் தொடங்கிவிடுகிறோம். மூடி போட்ட டிரம் இரண்டு குடிதண்ணீருக்கு. மாடியிலுள்ள சின்டெக்ஸையும் நிரப்பிவிடுவேன், காலியாக இருந்தால் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். வீட்டுக்குப் பக்கத்துத் தென்னைகளில் காய்ந்த மட்டையும் முற்றிய காயும் இறக்கியாச்சு. அம்மா அவல், பொரிமாவு, வெல்லம் வைத்திருக்கிறாள். மாத்திரை ஒரு மாதத்துக்கு. ஐம்பதும் நூறுமாகச் சில்லறை நோட்டு, தீப்பெட்டி, நீ வாங்கிக் கொடுத்த சோலார் விளக்கு எல்லாம் ஒரே பிளாஸ்டிக் வாளியில். பட்டா, பாஸ்புக், ரேஷன் கார்டு எல்லாம் பாலிதீன் உறையில் போட்டு ஒட்டி அதே வாளியில். விழுந்த தென்னைக்கு அரசு மரத்துக்கு 1,100 ரூபாய் தந்தபோது பட்டா நனைந்துபோனவர்கள் பட்ட பாட்டை நான் பார்த்தேன். அவற்றின் படங்களை உனக்கும் அனுப்பியிருக்கிறேன், பத்திரமாக வை.

இனி நீ செய்யவேண்டியது. எட்டாம் எண் ஏறினால் நாங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவோம், வீட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டேன், இது சத்தியம். போய்ச் சேர்ந்ததும் திருச்சி அத்தைக்கு ஒரு மெசேஜ் போகும். பேச முடியாத நேரத்திலும் அது எப்படியாவது போய்விடுகிறது. நீ எங்களை விடாமல் கூப்பிட்டு எங்கள் போன் சார்ஜைத் தீர்க்காதே, அத்தையைக் கேள். டவர் விழுந்துவிட்டால் தஞ்சாவூர்ப் பக்கம் போகிற லாரிக்காரர் கையில் சீட்டு எழுதிக் கொடுத்தாவது அனுப்புவேன். ஒரு வாரம் சத்தம் இல்லையென்றால் டவர் விழுந்திருக்கிறது என்று மட்டும் நினை. வேறு எதையும் நினைக்காதே. மனசு தாங்கவில்லையென்றால் அத்தையை நாகை மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு, நாகை எஸ்.டி.டி. எண்ணோடு 1077 போட்டுக் கேட்கச் சொல்.

எங்களை அங்கே வந்துவிடச் சொல்கிறாய். உன் அன்பு தெரியும், தம்பி. ஆனால் புயலுக்கு அடுத்த வருஷம் நட்ட கன்றுகளில் இப்போதுதான் பாளை விட்டிருக்கிறது. அந்த ஆத்தாவும் தனியாக இருக்கிறார், அவரையும் அழைத்துக்கொண்டுதான் நாங்கள் பள்ளிக்கூடம் போகவேண்டும்.

பொங்கலுக்கு லீவு கிடைத்தால் வா. வரும்போது அந்த மாதிரி சோலார் விளக்கு இன்னொன்று வாங்கிவா, ஆத்தா வீட்டுக்கு.

இப்படிக்கு,
அப்பா