அந்த ஆறு நாள் சார்ட்டைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள்: ஞாயிறு பள்ளிப் பாடம் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சபை ஐயர்மாருக்கும், ஐயரம்மாமாருக்கும், ஞாயிறு பள்ளிக்குப் பாடம் எழுதுகிற, நடத்துகிற அக்கா அண்ணன்மார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

போன மே மாதம் வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி முடிந்து வந்த என் மகள் கையில், தேவன் ஆறு நாளில் உலகத்தைப் படைத்ததைக் காட்டும் ஒரு சார்ட் இருந்தது. ஆறு கட்டம். மூன்றாவது கட்டத்தில் பச்சை க்ரேயானில் மரங்கள், நாலாவதில் ஜிகினா ஒட்டிய சூரியன், ஆறாவதில் யானையும் சிங்கமும் அவற்றுக்கு நடுவில் ஆதாமும். ஒன்பது வயது அவளுக்கு. வகுப்பில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள்: "சூரியனே நாலாம் நாள்தான வந்துச்சு, அப்ப முதல் மூணு நாள் சாயங்காலம் எப்படி ஆச்சு?" அதற்குக் கிடைத்த பதில், "வேதத்தைச் சந்தேகப்படக் கூடாது பாப்பா." எந்தச் சபை, யார் சொன்னது என்பதெல்லாம் வேண்டாம், அந்த ஆசிரியை நல்லவர், வெயிலில் அலைந்து பிள்ளைகளைக் கூட்டி வந்தவர். ஆனால் என் மகள் சந்தேகப்படவில்லையே. வாசித்திருக்கிறாள். நம்மில் எத்தனை பேர் அந்த அதிகாரத்தை அவ்வளவு கவனமாக வாசித்திருப்போம்?

அன்றிலிருந்து மனதில் கிடந்ததைத்தான் எழுதுகிறேன். சிருஷ்டிகர் என்று சொன்னதும் நம் பிள்ளைகளுக்கு ஆதியாகமம் முதல் அதிகாரம் மட்டும்தான் தெரிகிறது, அதுவும் அறிவியல் டீச்சரோடு போடுகிற சண்டைக்கான ஆயுதமாக. ஆனால் வேதம் முழுக்க சிருஷ்டிகரின் படங்கள் சிதறிக் கிடக்கின்றன, ஒன்றைப் போல் ஒன்று இல்லை. அவற்றைப் பிள்ளைகளிடம் கொடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

முதலில் அந்த முதல் அதிகாரத்தையே எடுத்துக்கொள்வோம். "பூமியானது ஒழுங்கின்மையும் வெறுமையுமாய் இருந்தது" என்று நம் தமிழ் வேதம் சொல்கிறது. இந்த இரண்டு வார்த்தையைப் பிடித்துக்கொண்டால் என் மகளின் கேள்விக்கு வழி திறக்கிறது. முதல் மூன்று நாளும் ஒழுங்கின்மைக்கு: வெளிச்சம் இருள் பிரிகிறது, மேல் தண்ணீர் கீழ்த் தண்ணீர் பிரிகிறது, கடலும் தரையும் பிரிகிறது. அடுத்த மூன்று நாளும் வெறுமைக்கு: பிரித்து வைத்த இடங்களில் ஆள் குடியேறுகிறார்கள், வெளிச்சத்துக்குச் சூரியனும் சந்திரனும், வானத்துக்கும் தண்ணீருக்கும் பறவையும் மீனும், தரைக்கு மிருகங்களும் மனிதனும். வீட்டைக் கட்டி அறை பிரித்துவிட்டு அப்புறம் குடி வைக்கிற மாதிரி. கடிகாரம் வைத்து எழுதிய குறிப்பாக இதை வாசித்தால் இடிக்கும், கட்டடமாக வாசித்தால் நிமிர்ந்து நிற்கும். இது இன்றைக்கு நான் கண்டுபிடித்த புதுமையும் இல்லை. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே திருச்சபைப் பிதாவான அகஸ்தீன் இந்த நாட்களை நம்முடைய சாதாரண நாட்களாக எடுத்துக்கொள்ளவில்லை. நட்சத்திரங்களைப் பற்றி நன்றாகத் தெரிந்த ஒருவர் முன்னால் கிறிஸ்தவர்கள் வேதத்தின் பெயரால் தப்பும் தவறுமாகப் பேசினால் கேவலப்படுவது வேதம்தான் என்று அவர் அப்போதே வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். பூமி கி.மு. 4004இல் உண்டானது என்ற கணக்கோ, அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650இல் வெளியிட்டது. பிற்பாடு ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் அதை அச்சடித்து அச்சடித்து, வசனத்தோடு சேர்ந்தது என்றே நிறையப் பேர் நினைத்துவிட்டார்கள்.

அந்த நாலாம் நாளில் இன்னொன்றும் இருக்கிறது. சூரியன், சந்திரன் என்ற பெயரே அங்கே வராது, பெரிய சுடர், சிறிய சுடர் என்றுதான் வரும். பாபிலோனில் சூரியன் ஒரு தெய்வம், சந்திரன் ஒரு தெய்வம். இந்த அதிகாரம் இஸ்ரவேலர் அங்கே சிறைப்பட்டிருந்த கி.மு. ஆறாம் நூற்றாண்டை ஒட்டி இந்த வடிவத்துக்கு வந்திருக்கும் என்று நிறைய அறிஞர்கள் கருதுகிறார்கள். பாபிலோனியரின் படைப்புக் கதையில் மர்துக் என்ற தெய்வம் தியாமத் என்ற கடல்தாயைக் கொன்று, உடலை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியில் வானத்தைச் செய்கிறது. மனிதன் பிறப்பது தோற்றுப்போன இன்னொரு தெய்வத்தின் ரத்தத்திலிருந்து, தெய்வங்களுக்கு வேலை செய்வதற்காக. இதைக் கேட்டபடி அங்கே சிறைப்பட்டிருந்த ஒரு கூட்டம், எங்கள் தேவன் யாரையும் கொல்லவில்லை, பேசினார், உண்டாயிற்று, எங்களைத் தம்முடைய சாயலாக உண்டாக்கினார் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் புல்லரிக்கிறது. சாயல் என்கிற அந்தப் பட்டம் அந்தப் பக்கத்தில் பெரும்பாலும் ராஜாக்களுக்குத்தான் பேசப்பட்டது. இதைச் சொல்லாமல் ஜிகினா ஒட்டினால் எப்படி?

பிள்ளைகளுக்குப் பிடிக்கிற ஒரு சின்ன விஷயமும் சொல்கிறேன். "நல்லது என்று கண்டார்" என்பதை எண்ணச் சொல்லுங்கள், கடைசியில் வரும் "மிகவும் நன்றாயிருந்தது" உட்பட ஏழு முறை வரும். ஆனால் இரண்டாம் நாளில் அது இல்லவே இல்லை, மூன்றாம் நாளில் இரண்டு முறை. அதனால் மூன்றாம் நாளான செவ்வாய்க்கிழமையைக் கல்யாணத்துக்கு நல்ல நாளாக யூதர்கள் வைத்துக்கொண்டார்கள். நம் ஊரில் செவ்வாயோ வெறுவாயோ என்பார்கள்! வகுப்பே விழித்துக்கொள்ளும்.

சரி, இரண்டாம் அதிகாரத்துக்கு வாருங்கள். அங்கே வரிசையே வேறு. மனிதன் முதலில், தோட்டம் பிறகு. இதைப் பார்த்துப் பயந்து நாம் வேகமாகப் புரட்டிவிடுகிறோம். நின்று பாருங்கள், முதல் அதிகாரத்தில் சொல்லாலே உண்டாக்கியவர் இங்கே மண்ணில் கை வைக்கிறார். நம் தமிழில் "உருவாக்கி" என்று இருக்கிற இடத்தில் மூல மொழியான எபிரெயத்தில் இருப்பது குயவன் செய்கிற வேலையைச் சொல்லும் வினை, குயவன் என்ற பெயரே அந்த வேரிலிருந்து வருவதுதான். வனைந்தார் என்றே சொல்லலாம். குயவர் பானையைத் தட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? ஒரு கை உள்ளே தாங்கும், மறு கை வெளியே பலகையால் தட்டும், உள்ளே தாங்குகிற கை இல்லாவிட்டால் பானை ஓட்டையாகிவிடும். எரேமியா 18இல் பாண்டம் கெட்டுப்போகிறது, குயவன் அந்த மண்ணைத் தூக்கி எறியாமல் அதையே வேறு பாண்டமாக வனைகிறான். யோவான் 9இல் இயேசு உமிழ்ந்து சேறு உண்டாக்கிக் குருடனின் கண்ணில் பூசுகிறார். ஆதாமை மண்ணால் வனைந்த அதே கைதான் இது என்று இரண்டாம் நூற்றாண்டில் ஆயர் இரேனியஸ் எழுதியிருக்கிறார். ஒரு உருண்டை களிமண் போதும் இந்தப் பாடத்துக்கு.

யோபு 10 இன்னும் பக்கத்தில் வருகிறது. என்னைப் பால்போல் வார்த்து, தயிர்போல் உறையப்பண்ணினீர் அல்லவோ என்று யோபு தேவனிடம் கேட்கிறான். கருவில் உரு கூடுவதற்கு அவனுக்குத் தெரிந்த உவமை அடுப்படியில் இருந்திருக்கிறது. என் மாமியார் ராத்திரி பாலை விரல் வைத்துச் சூடு பார்த்து, உறைமோர் ஒரு கரண்டி விட்டு, "அசைக்காதீங்க" என்று மூடி வைக்கிறபோது என் மகளிடம் இந்த வசனத்தை வாசித்துக் காட்டினேன். "அப்ப கடவுளுக்கு உறை ஊத்தத் தெரியுமா ஆச்சி?" என்றாள். "தெரியாமலா நீ இருக்க" என்றார் மாமியார். எந்தச் சார்ட்டிலும் இது இல்லை.

அப்புறம் யோபு 38. கர்ப்பத்திலிருந்து வருகிற பிள்ளையைப் போல் சமுத்திரம் புரண்டு வருகிறது, சிருஷ்டிகர் மேகத்தை அதற்கு வஸ்திரமாகவும் இருளை அதற்குப் புடவையாகவும் உடுத்துகிறார். பிரசவம் பார்க்கிறவர் செய்கிற வேலை. பாபிலோனியர் வெட்டிக் கொன்ற கடலை இங்கே துணியில் சுற்றி எடுக்கிறார். பிறகு அதற்கு எல்லை போட்டு, "இம்மட்டும் வா, மிஞ்சி வராதே" என்கிறார்.

இந்த வசனத்தை நம் கடற்கரையில் லேசாகச் சொல்லிவிட முடியாது, தெரியும். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்மஸுக்கு மறுநாள். நாகப்பட்டினம் கரையில் கடல் மிஞ்சி வந்தது. வேளாங்கண்ணிக்குப் போயிருந்தவர்களும் திரும்பவில்லை. அதற்குப் பிறகு இந்த வசனத்தில் என் வாய் பல வருடம் நின்றுவிடும். ஆனால் இந்த வார்த்தைகள் யாரிடம் சொல்லப்படுகின்றன என்று பாருங்கள். ஏழு மகன்களையும் மூன்று மகள்களையும் ஒரே நாளில் இழந்த தகப்பனாகிய யோபுவிடம். உன் பாவத்தால்தான் செத்தார்கள் என்று அந்த நீண்ட பேச்சில் ஒரு இடத்திலும் தேவன் சொல்லவில்லை. அப்படிச் சொன்ன சிநேகிதர்கள் மேல்தான் கோபப்படுகிறார். ஏன் என்ற கேள்விக்குப் பதிலும் தரவில்லை, மனிதரே இல்லாத வனாந்தரத்தில் பெய்கிற மழையையும், வரையாடு குட்டி போடுகிற நேரத்தையும் காட்டுகிறார். எனக்கு இது முழுதாகப் பிடிபடவில்லை. இருந்தாலும் துக்க வீட்டில் "தேவ சித்தம்" என்று ஒற்றை வார்த்தையில் முடிக்கிறதைவிட இது உண்மையானது என்று நம்புகிறேன், பெரிய பிள்ளைகளிடம் இதை மறைக்காமல் பேசுங்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். சங்கீதம் 74, ஆலயம் எரிந்த துக்கத்தில் பாடியது, அதில் தேவன் லிவியாதான் என்ற பயங்கரக் கடல் மிருகத்தின் தலைகளை நொறுக்குகிறார். சங்கீதம் 104இல் அதே லிவியாதான் கடலில் விளையாடுகிறது, விளையாடவே உண்டாக்கினார் என்கிறது. அங்கே சிங்கங்களுக்கு நைட் ஷிப்ட், அவை தேவனிடம் இரை கேட்கும், விடிந்ததும் படுத்துக்கொள்ளும், அதற்குப் பிறகு மனிதன் வேலைக்குக் கிளம்புவான். அவனுக்கென்று தனி மேடை எதுவும் இல்லை. "கீழ்ப்படுத்தி, ஆண்டுகொள்ளுங்கள்" என்பதை மட்டும் மனப்பாடம் பண்ணுகிற பிள்ளைகளுக்கு இதையும், தோட்டத்தைப் "பண்படுத்தவும் காக்கவும்" என்ற ஆதியாகமம் 2:15ஐயும் சேர்த்துக் கொடுங்கள். நீதிமொழிகள் 8இல் உலகம் உண்டாகும்போது ஞானம் அவர் அருகே செல்லப்பிள்ளையாய் இருந்தது. அந்த எபிரெயச் சொல்லைக் கைவினைஞர் என்றும் வாசிக்கிறார்கள், தமிழில் மொழிபெயர்த்த நம்மவர்கள் குழந்தையைத் தேர்ந்தெடுத்தார்கள், எனக்கு அதில் மிகவும் சந்தோஷம்.

வருகிற மே மாத வி.பி.எஸ்.ஸுக்குப் பாடம் எழுத உட்காரும்போது ஐந்து நாளையும் இப்படிப் பிரித்துப் பாருங்கள். ஒரு நாள் கட்டடம், ஒரு நாள் மண், ஒரு நாள் அடுப்படி, ஒரு நாள் கடல், ஒரு நாள் சங்கீதம் 104. கேள்வி கேட்கிற பிள்ளையை முன் வரிசைக்குக் கூப்பிட்டு, கேட்டதை எல்லாருக்கும் சத்தமாகச் சொல்ல வையுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம், பிள்ளைகள் தாங்குவார்கள். நான் மண் பாடத்தையும் கடல் பாடத்தையும் எழுதி வைத்திருக்கிறேன், கூப்பிட்டால் கொண்டுவருகிறேன். களிமண்ணுக்கும் நானே பொறுப்பு.

கர்த்தருக்குள் அன்புடன்,
ஒரு ஞாயிறு பள்ளிப் பிள்ளையின் அம்மா