வியூகம் வகுத்த நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. குடியிருப்போர் சங்கத் தலைவர் பதவிக்கு நீ நிற்கிறாய் என்று படித்ததும் வீட்டில் ஒரே சிரிப்பு. அதிலும் "வியூகமெல்லாம் வகுத்தாயிற்று" என்று எழுதியிருக்கிறாய். தமிழ் வாத்தியாரிடம் அப்படி ஒரு சொல்லைப் போட்டால் சும்மா விடுவேனா?

வியூகம் என்பது போர்க்களத்தில் படையை நிறுத்தும் அமைப்பு. பாரதப் போரின் 13ஆம் நாள் துரோணர் வகுத்த சக்கர வியூகம் உனக்குத் தெரியும். திருக்குறளில் இந்தச் சொல் கிடையாது. ஆனால் படைமாட்சி அதிகாரத்தில் ஒரு குறளுக்குப் பரிமேலழகர் எழுதிய உரையில் வருகிறது. வியூகத்துக்கு உறுப்பு 7, வகை 4, விரி (அதாவது உட்பிரிவு) 30 என்று கணக்கே சொல்கிறார். தண்டம், மண்டலம், அசங்கதம், போகம் என்பவை அந்த நான்கு வகை. மண்டலம் என்றால் வட்டமாக நிற்பது, அசங்கதம் என்றால் பிரிந்து பிரிந்து நிற்பது. முப்பதையும் விளக்கினால் பெருகிவிடும், வடநூல்களில் (சமஸ்கிருத நூல்களில்) பார்த்துக்கொள் என்று மனிதர் நழுவிவிட்டார்!

எனக்கு அந்தக் குறள்தான் முக்கியம்:

தார்தாங்கிச் செல்வது தானை தலைவந்த
போர்தாங்கும் தன்மை அறிந்து.

எதிரி எப்படி வருகிறான் என்று அறிந்த பிறகுதான் படை நகர வேண்டும். பத்திரிகைக்காரர்கள் 'தேர்தல் வியூகம்' என்று எழுதுவதில் எனக்குச் சண்டை இல்லை, அங்கே எதிர்க்கட்சி என்று ஒன்று இருக்கிறது. உன் கடிதத்தில் லிஃப்ட் பழுது, தண்ணீர் லாரி, வாட்ஸாப் குழு, முதல் மாடிக்காரர்களின் ஆதரவு எல்லாம் இருக்கின்றன. உன்னை எதிர்த்து நிற்பவர் யார், ஜனங்கள் அவருக்கு ஏன் ஓட்டுப் போடுவார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. 'தன்வலி', 'துணைவலி' இரண்டையும் எடைபோட்டுவிட்டாய். இன்னொரு குறளில் அவற்றுக்கு நடுவே வள்ளுவர் வைத்த 'மாற்றான் வலி', அதாவது எதிரியின் பலம், எங்கே? அது இல்லாமல் நீ வைத்திருப்பது வேலைப் பட்டியல்தான். போன தடவை உன் எதிராளிதான் தலைவர் என்றால், அவரால் நன்மை அடைந்த நாலு வீட்டுக்காரர்களிடம் முதலில் பேசிப் பார்.

இங்கே எல்லோரும் நலம். மூட்டுவலி மட்டும் என்னை விடுவதாக இல்லை. சின்னவளுக்கு வரன் பார்க்கிறோம், தெரிந்த இடம் இருந்தால் சொல்.

அப்புறம், ஜெயித்தால் பராமரிப்புக் கட்டணத்தை ஏற்றிவிடாதே. அடுத்த தேர்தலில் உன் மனைவியே எதிர்த்து நிற்பாள்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்