“புதிய இசையைக் கண்டறியுங்கள்” என்ற உங்கள் விளம்பரம் பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

விடயம்: கூட்டிய கட்டணமும் கூடாத சேவையும்

ஐயா / அம்மணி,

நான் திருகோணமலையில் சங்கீதம் படிப்பிக்கும் ஆசிரியை. உங்கள் இசைச் செயலியின் குடும்பப் பொதியில் இருக்கிறேன். மாதாமாதம் என் வங்கி அட்டையில் இருந்து காசு கழிகிறது. அண்மையில் கட்டணத்தைக் கூட்டினீர்கள். அதற்குக் காரணம் சொல்லி ஒரு மின்னஞ்சலும் அனுப்பினீர்கள்: மொழி, நாடு, பாணி என்ற எல்லையெல்லாம் தாண்டிப் புதிய இசையைக் கண்டறியும் வசதியை மேம்படுத்தியிருக்கிறீர்களாம். என் புகார் அந்த ஒரு வசனத்தைப் பற்றியது மட்டும்தான். ஒலித்தரத்தில் குறையில்லை. பெயரைத் தட்டித் தேடினால் பாட்டு வருகிறது, அதிலும் குறையில்லை. கேட்டதைத் தருகிறீர்கள். கேட்கத் தெரியாததையும் தருவோம் என்று சொல்லித்தான் கூடுதல் காசு எடுத்தீர்கள். அது வரவில்லை.

சேரும்போது எந்த நாடு, என்னென்ன மொழி என்று கேட்டீர்கள். இலங்கை; தமிழ், சிங்களம், ஹிந்தி, ஆங்கிலம் என்று குறித்தேன். அன்று முதல் தமிழ் என்றால் சென்னையில் இந்தக் கிழமை வந்த சினிமாப் பாட்டு. சிங்களம் என்றால் கொழும்பில் எல்லா பஸ்ஸிலும் போடுகிற பாட்டு. ஹிந்தியும் ஆங்கிலமும் அப்படியே. நான்கு மொழிக்கு நான்கு பட்டியல், ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பில்லை. போன கிழமை சூடை மீன் வாங்கியவளுக்கு இந்தக் கிழமையும் சூடைதான் என்று எங்கள் மீன் சந்தையில்கூட யாரும் சொல்வதில்லை.

என்ன நடந்தது என்று ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். என் தரம் 10 வகுப்பில் ஒரு பிள்ளை, “ரீச்சர், இது எந்த ராகம் மாதிரி இருக்கு?” என்று போனில் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினாள். தினாரிவென் என்ற குழு. சகாராப் பாலைவனத்துத் துவாரெக் மக்கள், தமஷெக் மொழியில் பாடுகிறவர்கள். கிற்றார் இரண்டு, கைதட்டு, ஒரு முரட்டுக் குரல். கேட்ட உடனேயே விளங்கியது: ரிஷபமும் இல்லை, தைவதமும் இல்லை. ச க ம ப நி என்று ஐந்தே சுரம், அதுவும் சாதாரண காந்தாரமும் கைசிகி நிஷாதமும். எங்கள் சுத்ததன்யாசி ராகத்தின் சுரங்கள். வகுப்பே அந்தக் கிற்றாரோடு சேர்ந்து சுரம் பாடியது. கமகம் இல்லை, நெளிவு வேறு, ராகம் என்று அதைச் சொல்லவும் முடியாது. ஆனால் பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும். பாடப்புத்தகத்தில் ஐந்து சுரம் கொண்டது ஔடவ ராகம் என்று மனப்பாடம் செய்தது, யாரோ ஒருவருடைய பாலைவனத்தில் இருந்து வந்து நின்றது.

வீட்டுக்கு வந்து உங்கள் செயலியில் அதே பாட்டைப் போட்டு, “இதுபோன்றவை” என்ற பொத்தானை அழுத்தினேன். முதலில் அதே குழுவின் இன்னொரு பாட்டு. சரி. அதற்கடுத்து புல்லாங்குழலோடு மழைச் சத்தம், “ஆழ்ந்த உறக்கத்துக்கு” என்று. பிறகு யோகாவுக்கு ஒரு இசை. அப்புறம் என்ன, சென்னைச் சினிமாப் பாட்டு! 2012இல் கிராமி விருது வாங்கிய ஒரு குழுவைக் கேட்டவளுக்கு நித்திரைக்கு மழைச் சத்தம் தருவது என்ன கணக்கு என்று எனக்கு விளங்கவில்லை. தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை என்றால் அது மனதை அமைதிப்படுத்தும் “உலக இசை” என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள் போல. அந்தப் பாட்டில் அமைதி மருந்துக்கும் இல்லை.

என்ன வந்திருக்கலாம் என்றும் சொல்கிறேன், வெறும் குறை மட்டும் சொல்லக்கூடாது. மாலி நாட்டு அலி ஃபார்கா தூரே வந்திருக்கலாம். அங்கிருந்து கிழக்கே போய் எத்தியோப்பியாவின் முலாத்து அஸ்தாத்கே. எத்தியோப்பியர்களுக்கும் ஐந்து சுர அமைப்புகள் உண்டு. அவற்றில் திசீதா என்பதன் ஒரு வகை எங்கள் மோகன ராகத்தின் சுரங்களேதான், வட இந்தியாவில் பூபாளி என்பார்களே, அது. இல்லாவிட்டால் எங்கள் பக்கம் திரும்பி, யாராவது ஒருவர் வயலினில் வாசித்த சுத்ததன்யாசி வந்திருக்கலாம். இவை எல்லாம் உங்களிடம் இருக்கின்றன. பெயரைத் தட்டிப் பார்த்தேன், ஒவ்வொன்றாக வந்தது. அதுதான் எரிச்சல். இல்லாததற்கு நான் புகார் எழுதவில்லை.

அடுத்தது பைலா, எங்கள் நாட்டுத் துள்ளல் ஆட்டப் பாட்டு. இதில் திருகோணமலைக்காரி என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை இருக்கிறது. இங்கே பாலையூற்றுப் பக்கம் ஐரோப்பியர் வழிவந்த பறங்கியர் குடும்பங்கள் இருக்கின்றன. மட்டக்களப்பிலும் இங்கேயும் அவர்களில் சிலர் இன்னும் போர்த்துக்கீசக் கிரியோல் என்ற கலப்பு மொழி பேசுகிறார்கள். அவர்களுடைய கபிரிஞ்ஞா ஆட்டத்தின் 6/8 தாளம்தான் பைலாவுக்குள் வந்தது. பொலிஸ் உத்தியோகத்தராக இருந்த வொலி பஸ்தியன் அதைச் சிங்களத்தில் பாடிப் பரப்பினார். ஏ. ஈ. மனோகரன் தமிழுக்குக் கொண்டுவந்து தமிழ்நாட்டையே ஆட வைத்தார். கலியாண வீட்டில் பைலா தொடங்கினால் சங்கீத ரீச்சர் என்று நானும் சும்மா இருப்பதில்லை, அது வேறு கதை.

போர்த்துக்கீசக் கப்பல் போய் நின்ற துறைமுகங்களில் எல்லாம் இப்படி ஏதோ ஒன்று முளைத்திருக்கிறது. கோவாவில் கொங்கணியில் பாடும் மாண்டோ. ஜகார்த்தாவில் சின்னக் கிற்றாரை மீட்டிப் பாடும் குரொஞ்சொங். ஆபிரிக்காவுக்கு மேற்கே கேப் வேர்டே தீவுகளில் மொர்னா. செசாரியா எவோரா வெறுங்காலோடு மேடையில் நின்று பாடினாரே, அந்த இசை. லிஸ்பனில் ஃபாதோ. யுனெஸ்கோ ஃபாதோவை 2011இலும் மொர்னாவை 2019இலும் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஒன்றைப் போல ஒன்று இருக்கும் என்று நான் சொல்லவில்லை. மொர்னா மெதுவாக அழும், பைலா துள்ளும். ஆனால் ஒன்றைக் கேட்டவருக்கு மற்றதைக் காட்ட இதைவிட நல்ல காரணம் என்ன வேண்டும்? உங்கள் செயலி பைலா கேட்டவளுக்குத் தருவது “பார்ட்டிப் பாட்டுகள்”. அதிலும் பாதி ஒரே பாட்டின் ரீமிக்ஸ்.

எங்கள் ஊர்த் தமிழ்ப் பொப் பாட்டுகளின் நிலை இன்னும் மோசம். நித்தி கனகரத்தினம், எங்கள் திருகோணமலையின் பரமேஸ், கோணேஸ் சகோதரர்கள் என்று எழுபதுகளில் இங்கே கிற்றாரைத் தூக்கிக்கொண்டு ஒரு தலைமுறையே பாடியது. அந்தக் காலத்துப் பாட்டுகள் உங்களிடம் கிடைப்பதே அருமை. கிடைத்தாலும் ஒரே பாடகருக்கு வேறு வேறு எழுத்துக்கூட்டலில் வேறு வேறு பக்கம். ஒரு மூத்த பாடகரின் பக்கத்தில் அவருடைய பேரன் வயதுப் பையன் ஒருவனின் படம். மொழி என்ற இடத்தில் ஒன்றுமில்லை. ஆண்டு என்ற இடத்தில் யாரோ கசெற்றில் இருந்து ஏற்றிய ஆண்டு. இப்படிக் கிடந்தால் எந்தக் கணினிதான் அவற்றை எடுத்து யாருக்குக் காட்டும்?

கிண்ணியாவில் இருந்து வரும் சக ஆசிரியை ஒருவருக்கும் இதே தலையிடி. அவர் நாகூர் ஹனிபாவின் பெரிய இரசிகை. ஹனிபாவைப் போட்டால் ஆண்டு முழுவதும் ரமழான் பட்டியல்தான் வருகிறதாம். அந்தக் குரல் திராவிட இயக்க மேடைகளில் பாடிய குரல் என்பது உங்களுக்குத் தெரியாது. அந்த உச்சஸ்தாயியைக் கேட்டுப் பழகிய காதுக்கு பாகிஸ்தான் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கானின் கவாலியை, அதாவது சூஃபிப் பக்திப் பாட்டைக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்றும் யாரும் யோசிக்கவில்லை. நான்தான் கொடுத்தேன், ஆசிரியர் ஓய்வறையில், என் போனில். அன்று பின்னேரம் பஸ் வரும்வரை திருப்பித் திருப்பிக் கேட்டார். உங்கள் நிறுவனம் காசு வாங்கிக்கொண்டு செய்ய வேண்டிய வேலை அது.

இது ஏன் இப்படி என்று கணினி படித்த என் தம்பி மகனிடம் கேட்டேன். ஒரு பாட்டைக் கேட்டவர்கள் வேறு எதைக் கேட்டார்கள் என்று பார்த்துத்தான் அடுத்ததைத் தெரிவு செய்வது பெரும்பாலும் வழக்கமாம். நிறையப் பேர் கேட்பது இன்னும் நிறையப் பேருக்குப் போகும். குறைவானவர்கள் கேட்பதற்குப் பாதையே விழாது. பதிவுகளுக்கு என்று 12 எழுத்தும் எண்ணும் கொண்ட ஒரு சர்வதேசக் குறியீடு இருக்கிறதாம். அதில் மொழியும் இல்லை, தாளமும் இல்லை. இன்னொன்றும் சொன்னான்: பாட்டைத் தொடங்கி 30 வினாடிக்கு முன்பே தள்ளிவிட்டால் அதைக் கேட்டதாகக் கணக்கில் எடுக்காத வழக்கம் உங்கள் துறையில் இருக்கிறது. அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. 30 வினாடியில் ஆலாபனையில் ஒருவர் ராகத்துக்குள் நுழையவே மாட்டார். கவாலியில் ஆர்மோனியம் இன்னும் வாசித்துக்கொண்டே இருக்கும். முதல் 30 வினாடிக்குள் ஆளைப் பிடிக்கிற பாட்டுக்கே பரிசு என்றால், மெதுவாகத் திறக்கும் இசை எல்லாம் வாசலிலேயே தோற்றுவிடும். என் மகன் அடுத்தது, அடுத்தது என்று தட்டிக்கொண்டே போகிறான். குடும்பப் பொதியில் அவன் தன் கணக்கை விட்டு என் கணக்கில் தட்டினால் எனக்கும் அதே தண்டனை.

முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. இலங்கை வானொலியில் எஸ். பி. மயில்வாகனன், ராஜேஸ்வரி சண்முகம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் போன்ற அறிவிப்பாளர்கள் செய்த வேலை இது. தமிழ்நாடே காது கொடுத்துக் கேட்டது. அமீன் சயானியின் ஹிந்திப் பாட்டு நிகழ்ச்சி 1952இல் இருந்து கொழும்பில் இருந்துதான் இந்தியாவுக்குப் போனது. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் ஒரு மனிதர் இரண்டு வரி சொல்வார், அந்த இரண்டு வரியை நம்பி நாங்கள் தெரியாத பாட்டையும் இருந்து கேட்போம். உங்கள் செயலி ஒரு பாட்டை ஏன் தருகிறது என்று ஒரு வரிகூடச் சொல்வதில்லை. அப்புறம் எப்படி நம்பி இருந்து கேட்பது?

இதையெல்லாம் சுருக்கி ஏற்கெனவே உங்கள் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். செயலியை அழித்துவிட்டு மறுபடி நிறுவிப் பார்க்கும்படி பதில் வந்தது. செய்தேன். நான் சேமித்து வைத்திருந்த பாட்டுகள் எல்லாம் திரும்ப இறங்கி டேட்டா முடிந்தது, மழைச் சத்தம் அப்படியே இருந்தது. “விருப்பமில்லை” என்று குறித்தவையும் சில நாளில் திரும்பி வருகின்றன.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். கட்டணம் கூட்டிய மாதத்தில் இருந்து நான் கட்டிய கூடுதல் தொகையைத் திருப்பித் தாருங்கள். மொழித் தெரிவையும் நாட்டையும் அணைத்துவிட்டுக் கேட்க ஒரு வழி செய்யுங்கள். அதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. “விருப்பமில்லை” என்றால் அது நிலைக்க வேண்டும். இலங்கைத் தமிழ்ப் பாடகர்களின் பக்கங்களைத் திருத்த, இந்த இசை தெரிந்த யாரையாவது சம்பளம் கொடுத்து வையுங்கள். இலவசமாகத் திருத்தித் தரும்படி என்னைக் கேட்க வேண்டாம், கேட்பீர்கள் என்று தெரியும். இவற்றைச் செய்ய முடியாது என்றால், மொழியும் பாணியும் தாண்டிய இசை என்ற அந்த வசனத்தை விளம்பரத்தில் இருந்து எடுத்துவிடுங்கள்.

ஒரு மாதத்துக்குள் ஒழுங்கான பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு அனுப்புவேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் வியாபாரிகள் பாவனையாளரைத் தவறாக வழிநடத்துவதைத் தடுக்கிறது. உங்கள் மின்னஞ்சலின் பிரதி, கட்டணம் கழிந்ததற்கான வங்கிப் பதிவு, “இதுபோன்றவை” என்று நீங்கள் தந்த பட்டியல்களின் ஸ்கிரீன்ஷொட்கள் எல்லாவற்றையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். பாடசாலை நேரத்தில் தொலைபேசி எடுக்க மாட்டேன். பதிலை எழுத்தில், தமிழில் அனுப்புங்கள்.

இங்ஙனம்,
சங்கீத ஆசிரியை ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.