உடும்பைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டுமா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

உடும்பு வளர்ப்பவர்கள் எங்களிடம் அதிகம் கேட்கும் கேள்வி, "வாரத்துக்கு எத்தனை தடவை ஊறவைக்கணும்?" என்பதுதான். ஊறவைத்தால் உடம்பில் நீர் ஏறும் என்று நினைத்துத்தான் கேட்கிறார்கள். கூண்டு சரியாக இருந்தால் அதற்காக ஒரு தடவைகூட வேண்டாம். ஊறவைக்கும் தொட்டி எங்களிடமே விற்பனைக்கு இருக்கிறது, கேட்டால் தராமல் இருக்கப் போவதில்லை, ஆனால் வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். (சட்டம் அனுமதிக்கும் இடங்களில் முறையாக வளர்ப்பவர்களுக்கு மட்டும்தான் நாங்கள் பொருள் அனுப்புகிறோம், அது உங்களுக்குத் தெரியும்.)

தவளைக்குத் தோல் வழியே தண்ணீர் ஏறும். உடும்புக்கு அப்படி ஏறாது. அதன் தோலில் கெரட்டினும் கொழுப்பும் அடுக்கடுக்காக இருப்பதே உடம்பில் உள்ள ஈரத்தை வெளியே விடாமல் காப்பதற்குத்தான், வெளியே இருக்கும் தண்ணீருக்கும் அதே அடுக்குதான் தடுப்பு. ஆசனவாய் வழியே உறிஞ்சிக்கொள்ளும் என்று ஒரு பேச்சு வெகுகாலமாகச் சுற்றுகிறது, அதை நம்பி மணிக்கணக்கில் தொட்டியில் உட்கார வைக்காதீர்கள். தொட்டியில் இறக்கியதும் தலையைத் தாழ்த்தித் தொண்டை அசைய மடக் மடக்கென்று குடிக்கிறதா, அந்தத் தண்ணீர் மட்டும்தான் உள்ளே போகிறது. அதற்குக் கூண்டுக்குள்ளேயே ஒரு அகலமான பாத்திரமும் தினமும் மாற்றிய தண்ணீரும் போதும்.

சரி, உடும்பு எப்படி வறண்டுபோகிறது? முக்கியமான ஒரு வழி மூச்சு. வெயில் காயும் இடத்தின் தரை 55, 60 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருக்க வேண்டிய பிராணி இது. மேலே கம்பிவலை மூடி போட்டிருந்தால் சூடான காற்று கூண்டில் இருக்கும் ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொண்டு வெளியேறிக்கொண்டே இருக்கும், கீழேயோ காகிதம் அல்லது காய்ந்த மரச்சீவல், ஒளிந்துகொள்ளும் இடமும் அதே வறட்சி, இதில் விடுகிற ஒவ்வொரு மூச்சிலும் உடம்பின் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். இப்படி ஒரு கூண்டில் நாள் முழுக்கக் கிடப்பதை அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு எடுத்தால் என்ன ஆகிவிடப் போகிறது?

சவானா உடும்பு வைத்திருப்பவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். ஆப்பிரிக்கப் புல்வெளியில் வாழ்வதுதானே, வறட்சி பழகியிருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். அது வெயில் காய்ந்த நேரம் போக மீதி நேரத்தில் பெரும்பகுதியை மண்ணுக்குள் வளையில் கழிக்கிறது, அங்கே காற்று மேலே இருப்பதைவிட எவ்வளவோ ஈரம். ஆஸ்திரேலியாவின் ஆக்கி உடும்பும் அப்படித்தான், பாறை இடுக்கும் வளையும்தான் அதற்குப் புகலிடம். ஆகவே மண் போடுங்கள். வளர்ந்த சவானாவுக்கு 60 சென்டிமீட்டர் ஆழமாவது வேண்டும், ஆக்கிக்கு 30 இருந்தால் நல்லது. மண்ணும் மணலும் கலந்து, ஒரு பிடி அள்ளி இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் ஒழுகக் கூடாது. அந்தப் பதம் வந்துவிட்டால் தோண்டிய வளை இடிந்து விழாது, உடும்பும் தானே உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். கம்பிவலையை எடுத்துவிட்டுக் காற்றுக்கு இடைவெளி விட்ட மூடி போடுங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

நீர் உடும்பு, நைல் உடும்பு வகையறா வேறு கதை. இவற்றுக்கு முழு உடம்பும் முங்கித் திரும்பும் அளவுக்குக் குளம் வேண்டும், நீர் உடும்பு 2 மீட்டரைத் தாண்டி வளரும் என்பதை மனதில் வைத்து முதலிலேயே திட்டமிடுங்கள். அதிலேயே மலம் கழிக்கும் என்பதால் அடியில் வடிகால் இல்லாத குளத்தை ஒரே மாதத்தில் வெறுத்துவிடுவீர்கள். ஆனால் அது இஷ்டப்பட்டு இறங்கி இஷ்டப்பட்டு ஏறும் குளம். நீங்கள் தூக்கிப்போய்த் தொட்டியில் விடுவது அதுவல்ல. தொட்டியில் விட்டதும் கழிப்பதைப் பார்த்துச் சிலர் வயிறு சுத்தமாகிறது என்று சந்தோஷப்படுகிறார்கள், பல நேரம் அது பயம். தண்ணீர் ஆறிவிட்டால் உடம்புச் சூடும் இறங்கிவிடும். அப்புறம் தொட்டி விளிம்பைப் பற்றிக்கொண்டதென்றால் பிரித்தெடுக்கும்போது நகம் போகும், உங்கள் கைத்தோலும் போகும். உடும்புப் பிடி என்று சும்மாவா சொன்னார்கள்.

ஊறவைப்பது உதவுகிற ஒரு நேரம் உண்டு. தோல் உரிக்கும்போது விரல்களிலோ வால் நுனியிலோ பழைய தோல் வளையம்போல் தங்கிவிடும். விட்டால் அது இறுகி ரத்த ஓட்டத்தை நிறுத்தி விரலையே காவு வாங்கிவிடும். அப்போது 30 டிகிரி அளவு வெதுவெதுப்பான தண்ணீரில், உடும்பின் முழங்கை மட்டத்துக்கு மேல் போகாமல், 15, 20 நிமிடம் விட்டு, கட்டைவிரலால் மெதுவாகத் தேய்த்தால் வந்துவிடும். காய்ந்த தோலைப் பிய்க்காதீர்கள், பக்கத்திலேயே இருங்கள். இதற்குத் தனித் தொட்டி வையுங்கள், பாத்திரம் கழுவும் தொட்டியில் வேண்டவே வேண்டாம், உடும்பின் கழிவில் சால்மோனெல்லா இருக்கலாம்.

கழிவோடு வரும் வெள்ளைப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருங்கள். மென்மையாக வெள்ளையாக இருந்தால் கவலையில்லை. மஞ்சளாகி மணல்போல் கட்டிதட்டினாலோ, கண் குழிவிழுந்தாலோ, வாய் திறக்கும்போது எச்சில் நூலாக இழுத்தாலோ உடம்பில் நீர் குறைந்துவிட்டது என்று அர்த்தம். இது மாதக்கணக்கில் நீடித்தால் யூரிக் அமிலம் சிறுநீரகத்திலும் மூட்டுகளிலும் படிய ஆரம்பிக்கும். அந்த நிலையில் தொட்டியை நிரப்பிக்கொண்டிருக்காமல் ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள், ஊசி வழியே நீர் ஏற்றுவது அவர் வேலை. கூண்டின் படம் ஒன்றும் எடுத்துப் போங்கள், மருத்துவர் முதலில் அதைத்தான் கேட்பார்.

அன்புடன்,
கடையிலிருந்து