வாக்கு இயந்திரத்தைக் கையாண்டவர்களின் குறிப்புகள் பொதுவில் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாக்கு இயந்திரங்கள் பற்றி எப்போது பேச்சு எழுந்தாலும், அவற்றில் மோசடி செய்ய முடியுமா, முடியாதா என்ற கேள்வியோடு அது நின்றுவிடுகிறது. அக்கேள்வியின் முக்கியத்துவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால், பல தேர்தல்களில் வாக்குச்சாவடிப் பணி பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அந்த இயந்திரத்தின் பக்கத்திலேயே விடியற்காலை முதல் முத்திரையிடும் வரை அமர்ந்திருந்த அலுவலர் என்ன கண்டார் என்று எவரும் கேட்பதில்லையே என்ற வருத்தம் எனக்கு நெடுநாளாக உண்டு.

ஒரு தேர்தலில், வெளிச்சம் வேண்டுமே என்று இயந்திரங்களை ஜன்னலை ஒட்டி வைத்தேன். பதிவான வாக்கைச் சிறு சீட்டில் அச்சிட்டு வாக்காளருக்குக் காட்டும் 'விவிபாட்' கருவி இருமுறை நின்றுபோனது. பயிற்சி வகுப்பில் இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லப்பட்டிருக்கவில்லை. முந்தைய தேர்தலில் இதே தொல்லைக்கு ஆளாகியிருந்த பக்கத்துச் சாவடி அலுவலர்தான், வெயில் படாத சுவரோரமாக மேசையை மாற்றிப் போடுங்கள் என்று வழி சொன்னார். 2018 மே மாதம் கைரானா, பண்டாரா-கோந்தியா மக்களவை இடைத்தேர்தல்களில் விவிபாட் கருவிகள் பல சாவடிகளில் செயலிழந்து, சிலவற்றில் மறுவாக்குப்பதிவு நடத்த நேர்ந்தபோது, கருவியின் உணரிகள் (சென்சார்கள்) மீது மிகுதியான வெளிச்சம் பட்டதை ஒரு காரணமாகத் தேர்தல் ஆணையம் குறிப்பிட்டது. அதைப் படித்த அன்று எனக்கு அந்தச் சுவரோர மேசைதான் நினைவுக்கு வந்தது.

இது எந்த ஒரு நாட்டுக்கும் மட்டும் உரிய குறை அன்று. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் உள்ள கார்ட்டரெட் மாவட்டத்தில், 2004 நவம்பர் தேர்தலின்போது 4,438 வாக்குகள் மீட்கவே முடியாதபடி அழிந்துபோயின. இயந்திரம் 10,500 வாக்குகளைத் தாங்கும் என்று அலுவலர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. உண்மையில் அதன் கொள்ளளவு 3,005 மட்டுமே. மாநில வேளாண் ஆணையர் பதவிக்கான போட்டியில் வாக்கு வித்தியாசம் தொலைந்த வாக்குகளைவிடக் குறைவாக இருந்ததால், அதன் முடிவு அடுத்த ஆண்டுவரை இழுபட்டது. அரிசோனாவின் மாரிகோபா மாவட்டத்தில் 2022இல் சில சாவடிகளில் வாக்குச்சீட்டுகள் மங்கலாக அச்சாகி, எண்ணும் இயந்திரங்கள் அவற்றை ஏற்க மறுத்தன. கனமான தாளும் 20 அங்குல நீளமும் சேர்ந்து அச்சுப்பொறிகளை அவற்றின் திறனின் எல்லைக்கே தள்ளிவிட்டன என்று பின்னர் நடந்த விசாரணை கூறியது. இவற்றில் எதிலும் சதி இல்லை. ஆனால், பயன்படுத்தும் கைகளுக்குத் தெரிய வேண்டிய செய்தி உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை.

அலுவலர்களின் அனுபவத்தைத் திரட்டுவது எளிதன்று என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பணி முடிந்து எழுதும் அறிக்கையில் இயந்திரக் கோளாறு ஏதும் உண்டா என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டு வீடு திரும்புவோர் மிகப் பலர். நானும் ஒருமுறை அப்படி எழுதியவன்தான். உண்மையை எழுதினால் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வருமோ என்ற அச்சமே காரணம். ஆகவே, எந்த வகைக் கருவி, எந்த நேரத்தில் எப்படித் தடைப்பட்டது, என்ன செய்து சரியாக்கினார்கள், வரிசை எவ்வளவு நேரம் காத்திருந்தது என்ற விவரங்களை மட்டும் பெயரின்றிப் பெற வேண்டும். அதன் அடிப்படையில் எவர்மீதும் நடவடிக்கை இல்லை என்ற உறுதியும் எழுத்தில் தரப்பட வேண்டும். அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேர்தல் உதவி ஆணையத்துக்கு, தேர்தல் நிர்வாகத் தகவல்களைத் திரட்டிப் பகிர்வதும் ஒரு கடமை. அத்தகைய ஏற்பாடு எங்கும் இருக்கத்தக்கதே. முத்திரை, கடவுச்சொல் போன்ற பாதுகாப்பு விவரங்களை விலக்கிவிட்டு மற்றவற்றை வெளியிடலாம்.

குறைகளை வெளியிட்டால் மக்களின் நம்பிக்கை குலையும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். மிச்சிகனின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில் 2020இல் முதலில் தவறான முடிவு வெளியானபோது, வதந்திகளுக்கு அளவில்லை. வாக்குச்சீட்டில் கடைசி நேரத்தில் செய்த மாற்றம் எல்லாக் கருவிகளிலும் ஏற்றப்படாததே காரணம் என்று விளக்கப்பட்டது. அதிபர் தேர்தல் வாக்குகளைக் கையால் மீண்டும் எண்ணியபோது, திருத்திய முடிவு ஏறக்குறைய அப்படியே உறுதியானது. மறைத்திருந்தால் அந்த வதந்திகளுக்கு விடையே கிடைத்திருக்காது.

அடுத்த தேர்தலுக்கான பயிற்சி தொடங்குமுன், சென்ற தேர்தலில் பணியாற்றியவர்களின் குறிப்புகளைத் தொகுத்து, ஒவ்வொரு சாவடி அலுவலர் கையிலும் தர வேண்டும் என்று தேர்தல் நிர்வாகத்தினரைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வாக்குச்சாவடி அலுவலர் ஒருவர்